இருபத்து மூன்று கிலோவில் எனக்கு மூன்று

ஜூலை 7, திங்கள்

வெயில். கூடவே காட்டுத்தீப் புகைமூட்டம். காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம்.

அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்தேன். ஒரு பல்லி முட்டை. 20ஆம் தேதி மான்செஸ்டர். டிக்கெட் போட்டு அனுப்புகிறேன் என்று குமரன் சொல்லியிருக்கிறான். மருமகள் ஷாமினிக்கு இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளைக்கு அவள் அம்மா போய்ப் பார்த்தார். இரண்டாவதுக்கு நான். பரிசம் போட்ட அன்றே இரண்டு வீடும் பேசி ஒத்துக்கொண்டது. பேரனை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். இந்தப் பிள்ளையையாவது பிறந்த சூட்டோடு கையில் வாங்க வேண்டும்.

மாலை எடை பார்த்தோம். கைத்தராசுக் கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கினால் நம்பர் ஆடி ஆடி, பீப் என்று நிற்கும். தூக்குவது வீட்டுக்காரர் வேலை, படிப்பது என் வேலை. டிவி முன்னாலிருந்து அவரை எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"முதுகு போச்சு. உள்ள என்னா, ஆளா வெச்சிருக்க?"

26. விமானத்தில் விடுவது 23தான்.

உள்ளே இருப்பது:
- பத்தியச் சரக்கு (சுக்கு, மிளகு, ஓமம், சித்தரத்தை, விரலி மஞ்சள். எல்லாம் நானே வறுத்து இடித்தது. இரண்டு நாள் தும்மல்)
- வயிறு கட்ட மல் துணி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது
- நல்லெண்ணெய், மூன்று பிளாஸ்டிக் சுற்றி
- நெத்திலிக் கருவாடு
- பேரனுக்கு முறுக்கு
- என் துணி, செருப்பு

வெளியே எடுத்தது: என் துணியில் பாதி, நல்ல செருப்பு. அங்கே என்னை யார் பார்க்கப் போகிறார்கள். 22.8. பெட்டியைப் பூட்டி ஹாலில் வைத்தேன்.

ஜூலை 9, புதன்

குமரன் போன். வழக்கமாக ஞாயிறுதான் கூப்பிடுவான்.

"சாப்டீங்களாம்மா, அப்பா எங்க" என்று சுற்றி வளைத்துவிட்டு, "அம்மா, இந்தத் தடவையும் அத்தையே வரட்டுமேம்மா. ஷாமினிக்கு அவங்க அம்மான்னா கம்ஃபர்டபிளா இருக்கு லா. நீங்க அடுத்த வருஷம் வாங்க. ஜாலியா சுத்திப் பாக்கலாம்."

சரிப்பா என்றேன். சுற்றிப் பார்க்கவா நான் சுக்கு இடித்தேன்?

அவரிடம் சொன்னேன். "விடு லா. பிரசவத்துக்குப் பொண்ணோட அம்மாதானே சரி." பரிசத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர் இவர்தான்.

பெட்டியைப் பிரிக்கவில்லை. இடித்துக்கொண்டு நடக்கிறோம்.

ஜூலை 11, வெள்ளி

பாலர் பள்ளியில் என் லீவுக்காக வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். நான் இல்லாத இரண்டு மாதத்துக்குப் பிள்ளைகளுக்குச் சோறூட்ட, கால் கழுவ. செல்வி டீச்சர் கேன்டீனில் எல்லார் முன்னாலும், "அக்கா, லண்டன் போய் எங்கள மறந்துடாதீங்க" என்றார். மான்செஸ்டர் என்று திருத்தினேன். போகவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகள் விமானம் வரைந்த அட்டை கொடுத்தார்கள். விமானத்துக்கு நாலு கால்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்பு கூடிப்போச்சு. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதற்கும் எரிச்சல்.

ஜூலை 13, ஞாயிறு

மழை. ஒருவழியாகப் புகை போனது.

யோங் பெங்கிலிருந்து சம்பந்தியம்மா போன். "உங்க வீட்ல தூக்கிப் பாக்குற தராசு இருக்காமே, மாப்பிள்ள சொன்னாரு. முந்தின நாளே வந்துர்றேன் சம்பந்தி. உங்க வீட்ல நிறுத்துப் பாத்துட்டு, தங்கிட்டு, காலையில ஏர்போர்ட் போயிடலாம். கூலாயிலருந்து செனாய் பக்கம்தானே."

ஆக, என் பயணம் அவருக்கு. என் தராசும் அவருக்கு. சோறும் நான்தான் ஆக்கிப் போட வேண்டும்.

வாங்க வாங்க என்றேன். நாக்குக்கு எங்கே வெட்கம்.

பெட்டியைப் பிரித்தேன். பத்தியச் சரக்கையும் மல் துணியையும் மட்டும் தனியாகக் கட்டினேன். முறுக்கை வீட்டுக்காரர் தின்னட்டும்.

ஜூலை 14, திங்கள்

தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். லீவு வேண்டாம் என்றேன். புது ஆளுக்குச் சொல்லியாகிவிட்டதே என்றார். செப்டம்பர் வரை வீட்டில் சும்மா இருக்கணுமாம்.

கேஸ் தீரப்போகிறது. சிலிண்டர் கொண்டுவரும் பையனுக்குச் சொல்லணும்.

ஜூலை 19, சனி

மதியம் சம்பந்தியம்மா வந்தார். புதுப் பெட்டி, புது ஸ்வெட்டர், முழங்காலுக்குப் பட்டை.

பெட்டியை இவர்தான் தூக்கினார். முனகல் இல்லை. முதுகு எப்படிக் குணமானது என்று தெரியவில்லை. என் பெட்டி என்றால்தான் வலிக்கும் போல.

20க்குக் கொஞ்சம் கீழே நின்றது. மிச்சம் மூன்று எனக்கு. "உங்க சாமானையும் வைங்க சம்பந்தி, தாராளமா வைங்க" என்று அவரே இடம் ஒதுக்கினார். மேலாக என் பொட்டலத்தை வைத்து ஜிப்பை இழுத்தோம். 22.9. இரண்டு பேரும் சிரித்தோம்.

கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வராதது எனக்கே மனசு ஒப்பல. ஷாமினிதான் நான் வரணும்னு அழுவறா" என்றார். கண் கலங்கியது. நடிப்பில்லை. கெட்ட மனுஷியாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நல்ல மனுஷியை என்ன செய்வது?

கோழிக்குழம்பு வைத்தேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

முழுக்க எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

காலையில் செடெனாக்கிலிருந்து சம்பந்தியம்மாவின் அக்கா வழியனுப்ப வந்தார். சும்மா வரவில்லை. எவர்சில்வர் இட்லிச் சட்டி, மூடி, தட்டு எல்லாம் சேர்த்து. "அங்க கெடைக்கிறது மெலிசு, அடி புடிக்கும்." சம்பந்தியம்மா என் பொட்டலத்தைத் தூக்கி, சட்டியை அடியில் அமுக்கி, பொட்டலத்தை மறுபடி மேலே வைத்து, பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப் போட்டார். யாரும் எடை பார்க்கவில்லை.

தராசு மேசை மேல் இருந்தது. என் கைக்கு எட்டும் தூரம்தான். நான் எடுக்கவில்லை. மறந்து அல்ல, வேணுமென்றே. கவுண்டரில் நிற்கட்டும், நாலு பேர் முன்னால் பெட்டியைப் பிரிக்கட்டும் என்று நினைத்தேன். மனசுக்குள் ஒரு குளிர்ச்சிகூட இருந்தது.

நின்றார். ஏர்போர்ட் தராசில் 25க்கு மேல்.

"லெபே லா, மக்சிக்" என்றது கவுண்டர் பெண். எடை கூடிப்போச்சாம், ஆன்ட்டி.

"அலமாக்! நேத்து சரியாத்தானே இருந்துச்சு" என்று சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். தராசைத்தான் சந்தேகப்பட்டார், என்னை இல்லை. தரையில் குந்திப் பெட்டியைத் திறந்தோம். கைப்பையும் ஏற்கெனவே பிதுங்கல். பின்னால் வரிசை. அவர் கை முதலில் இட்லிச் சட்டிக்குத்தான் போனது. அக்கா பக்கத்திலேயே நின்றார். அக்கா கொடுத்ததை அக்கா கண் முன்னால் எடுக்க முடியுமா. கை அப்படியே நின்று, மேலே வந்தது.

மேலே இருந்தது என் பொட்டலம்.

"சம்பந்தி... இத பின்னால போஸ்ட்ல..."

"எடுங்க. பரவால்ல" என்றேன்.

சரியாக வந்துவிட்டது. பெட்டி உள்ளே போனது. பொட்டலத்தை இவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு கார் வரை வந்தார். வழியெல்லாம் கார் முழுக்க ஓம வாசனை. தன் வினை தன்னைச் சுடும் என்று பாலர் பள்ளியில் நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்வது. சுட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டிலேயே சட்டி நின்றிருக்கும். ஷாமினிக்குப் பிரசவமான முதல் வாரத்திலேயே வேண்டிய மருந்து அது.

சாப்பிடவில்லை. அவர் முறுக்கு தின்றார்.

ஜூலை 22, செவ்வாய்

கேஸ் வந்தது. போஸ்ட் ஆபீஸில் விசாரித்தேன். போய்ச் சேருவதற்குள் பிள்ளை கவிழ்ந்து படுத்துவிடும்.

ஜூலை 23, புதன்

குமரன் வீடியோவில். பேரன் இட்லிச் சட்டி மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். அத்தை சுகமாக வந்து சேர்ந்தாராம், இன்று இட்லியாம்.

பிறகு குரலைத் தாழ்த்தினான். "அத்த பேக்ல உங்க சாமான் ஒன்னுமே இல்லயேம்மா. ஷாமினி அந்த மருந்த எதிர்பாத்தா. அத்தைய கேட்டா, பேச்ச மாத்துறாங்க. நீங்க ஒன்னும் குடுத்து விடலயா? எங்க மேல கோவமா?"

நாற்காலியிலிருந்து இவர் கையை ஆட்டினார். இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு.

"ஆமா" என்றேன்.

அவன் முகம் திரையில் அப்படியே நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"ஆமாப்பா. ரொம்பக் கோவம். குடுத்தேன், ஏர்போர்ட்ல எடுத்துட்டாங்க. எடை கூடும்னு எனக்குத் தெரியும், வேணும்னே சொல்லாம இருந்தேன்."

பின்னால் சம்பந்தியம்மா குரல்: "யாரு மாப்பிள்ள?"

"அம்மா... அப்புறமா கூப்பிடவாம்மா?"

"வேணாம். வைக்காத. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."