ஜெனிற்றாவின் இப்போதைய நிறை

உடுவில்
சனிக்கிழமை பின்னேரம்

இல்லை பிறேம், நீ தெரிவு செய்ததில் பிழையில்லை. குரல்பதிவில் திரும்பத் திரும்ப அதையே கேட்டிருக்கிறாய். தங்கச்சியின் சில்லுப் பலகையில் முன்பக்கத்துச் சில்லுகளைத் தாங்குகிற ட்ரக்கை வேறாக வாங்கியிருக்க வேண்டுமோ, ஸ்பிரிங் உள்ளதை விட்டு றப்பர் வளையம் உள்ளதை எடுத்ததுதான் பிழையோ, அதனால்தான் அவள் உன் அழைப்பை எடுப்பதில்லையோ என்று. அந்தச் சாமான்களின் பெயர்கள் இப்போதுதான் என் நாக்கில் ஏறுகின்றன. என்றாலும் இது எனக்குத் தெரியும். நீ சரியானதைத்தான் அனுப்பினாய். அது யாருக்கு வந்ததோ அந்தப் பிள்ளை வளர்ந்து போகும்வரை கொடுக்காமல் வைத்திருந்தது நாங்கள்.

இங்கே மூன்று பேரும் சுகம். பேர்த்திலும் கர்த்தர் உன்னை அப்படியே வைத்திருப்பார் என்று நம்பிக்கொண்டுதான் எழுத உட்காருகிறேன். தொலைபேசியில் இதெல்லாம் சொல்ல வராது, உன் முகத்தைப் பார்த்தவுடன் சாப்பிட்டாயா என்றுதான் வரும். லவீனா விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பேர்த்துக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுவேன். அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முழங்கால் அப்படியே. மழை நேரங்கெட்டு வந்து உரும்பிராயில் கமலாவதி அக்காவின் வெங்காயம் முழுக்க அழுகிப்போயிற்று, ஒரு கிழமையாக அவ வீட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை, போய் என்ன சொல்வது. எனக்குப் போன மார்கழியில் வந்த காய்ச்சலோடு உடம்பு வற்றினது வற்றினதுதான். பயப்படாதே. நோய் வருத்தம் ஒன்றுமில்லை, சட்டைகள் மட்டும் பெரிதாகிவிட்டன.

பலகைக்கு வருகிறேன். நீ அதை அனுப்பியபோது ஜெனிக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முன் போன் எடுத்து அவள் எவ்வளவு நிறை என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் நிறுத்து எழுதியிருந்ததைப் பார்த்து முப்பத்தெட்டு கிலோ என்றேன். அந்த நிறைக்கு என்றே மென்மையான றப்பர் தேடிப் பூட்டி, பின்பக்கத்தை இறுக்கி, முன்பக்கத்தை இளக்கி, உன் தெருவில் நீயே சப்பாணிபோல் குந்தியிருந்து ஓட்டிப் பார்த்து லவீனாவிடம் கொடுத்துவிட்டாய். நாங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அழகாயிருக்கிறது என்றோம். பொலித்தீனைக்கூடக் கழற்றாமல் அலுமாரியில் வைத்தோம். விழுந்து வலக்கை முறிந்தால் ஆர் சோதனை எழுதிறது என்று அப்பா கேட்டார், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற எதையும் நாங்கள் உடனே எடுத்துப் பாவிப்பதில்லை. வாசனைச் சவர்க்காரத்தைக்கூட. ஓ.எல் சோதனை முடியட்டும் என்று உனக்கும் சொன்னோம், நீயும் சரியம்மா என்றாய். ஏன் சரி என்றாய். ஒரு முறை எங்களை ஏசியிருக்கலாமே.

நாலு வருடம் கழித்து ஓ.எல் முடிந்தது. எடுத்துக் கொடுத்தோம். கோயில் வளவில் மண்டபத்துக்குப் பக்கத்துச் சீமெந்துத் தரையில்தான் முதல் ஓட்டம். போதகர் வீட்டம்மா இது என்ன சில்லுப் பலகை என்று வந்து கேட்டா. கடலலையில் போகிறவர்கள் கடல் இல்லாத நேரம் தரையில் வளைந்து வளைந்து பழகுகிற பலகை என்று நீ சொன்னதையே சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, முன்பக்கம் சட்டென்று சாய்ந்து ஜெனியைக் கீழே போட்டது. எழும்பினாள். திரும்ப ஏறினாள். திரும்பவும் போட்டது. அப்பா பலகையைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, உதென்ன ஆட்டம், கொண்ணன் நட்டை இறுக்க மறந்திட்டானெல்லே என்று வீட்டுக்கு வந்து ஸ்பனர் எடுத்துப்போய் இறுக்கின இறுக்கில் ட்ரக் அசையாமல் நின்றது. அவருக்கு ஆடுகிற எதுவும் கழன்ற சாமான்தான், சைக்கிள் ஆனாலும் கதிரை ஆனாலும். இப்ப ஏறு, குதிரை மாதிரிப் போகும் என்றார். போனது. நேரே போனது. அவள் உடம்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் திரும்பாமல் குரோட்டன் சாடிகளுக்குள் போய் நின்றது. முழங்கை உரிந்துவிட்டது. போதகர் வீட்டம்மா சிரித்தா, அப்பாவும் சிரித்தார், நானும்தான். ஜெனி சிரிக்கவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்து விறாந்தையில் கவிழ்த்து வைத்தாள். இது பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு வந்தது அம்மா, அவள் இப்ப இங்கை இல்லை என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அன்று அவள் விழுந்ததைச் சொன்னபோதுதான் நீ திரும்பவும் நிறை கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தவணையும் அவளுடைய வெள்ளைச் சட்டையின் மடிப்பை இறக்கித் தைத்தவள் நான். எவ்வளவு வளர்ந்தாள் என்பது என் கைக்குத் தெரியும். எவ்வளவு பாரமானாள் என்று தெரியாது. எப்போது கடைசியாகத் தூக்கினேன் என்று யோசித்தேன். நினைவில்லை. அவளிடமே கேட்டதற்கு, ஏனம்மா, என்னை விக்கப் போறியளோ என்றாள். பிறகு தானே மருந்துக்கடைத் தராசில் ஏறிப் பார்த்துவந்து ஐம்பத்தாறு என்றாள். பாரம் கூடியவருக்கு மென்மையான றப்பர் தாங்காது, நட்டை இறுக்கினால் அது கடினமாவதில்லை, திரும்புகிற குணம்தான் சாகும் என்று நீ குரல்பதிவில் அப்பாவுக்குப் பொறுமையாய் விளங்கப்படுத்தினாய். அப்பா ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, பாவம், இரவு படுக்கவில்லை.

லவீனா புது றப்பர்களைக் கொண்டுவந்தபோது இன்னொன்றும் சொன்னாள். பலகை வந்த வருடம் ஞாயிறு பின்னேரங்களில் நீ வேலை எடுக்காமல் இருந்தாயாம். வீடியோவில் தங்கச்சிக்குப் பழக்க வேண்டும் என்று. எத்தனை ஞாயிறு இருந்தாய் என்று அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு அந்த நேரத்துக்கும் வேலை எடுத்துவிட்டாய். நாங்கள் அதே ஞாயிறுகளில் ஜெனியைக் கணித வகுப்புக்குக் கூட்டிப் போனோம். விஞ்ஞானத்துக்கும்.

புது றப்பர் வந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அந்தச் சின்னப் பைக்கற்றை வாங்கிப் பார்த்தார். நேரே அலுமாரிக்குப் போனார். ஏ.எல் முடியட்டும் என்றார். வேணுமென்று சொல்லவில்லை மகனே, வாய்ப்பழக்கம். ஜெனி சிரித்தாள். குரோட்டன் சாடிக்குள் விழுந்தபோது வராத சிரிப்பு. வையுங்கோ அப்பா, எனக்கு முப்பது வயசாகேக்கை எடுப்பம் என்றாள். அப்பா பைக்கற்றை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் ஓடிக்கொண்டிருந்த மோட்டரை நிற்பாட்டி, திரும்பவும் போட்டார். நான் அவளிடம் போய், இப்பவே மாத்துவம், அண்ணை எப்படி எண்டு சொல்லித் தருவான் என்றேன். வேண்டாமாம். ஏன் அவன் எடுத்தால் கதைக்கிறாயில்லை என்று கேட்டேன். அண்ணை இன்னும் அந்தச் சின்னப்பிள்ளையோடைதான் கதைக்கிறார் அம்மா, ரொபி, சொக்லேட் வேணுமோ, வகுப்பிலை ஆர் சினேகிதி எண்டு கேக்கிறார், எனக்கு என்ன சொல்லிறதெண்டு தெரியேல்லை, அவரும் பாவம் என்றாள். அவ்வளவுதான். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது. கோபம் என்றால் ஆறும். இது இப்படியே விட்டால் நீங்கள் இருவரும் வருடத்துக்கொருமுறை நத்தாருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்கிற ஆட்களாகிவிடுவீர்கள். எனக்கும் என் அண்ணைக்கும் அப்படித்தான் ஆனது.

ஆகவே இனி ட்ரக் எதையும் வாங்கி அனுப்பாதே. காசை வைத்துக்கொள். அவள் எடுக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை எடு, அவள் எடுத்தால் ரொபி வேணுமோ என்று கேட்காதே. உன்னைப் பற்றிச் சொல். இரவு வேலை எப்படி, தனியச் சமைத்துச் சாப்பிடுவது எப்படி, எதற்குப் பயப்படுகிறாய். அவளுக்குப் பதினாறு வயது. கேட்டுக்கொள்வாள்.

நான் ஒன்று செய்தேன். நீ அப்பாவுக்கு அனுப்பிய பதிவைக் கேட்டு, அவருடைய ஸ்பனரால் அந்த நட்டை இளக்கினேன். வாஷரை விரலால் சுழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் கலகலக்கக் கூடாது என்றாய். இளக்கி, சுழற்றி, கொஞ்சம் இறுக்கி, திரும்ப இளக்கி. அரை நாள் போனது. பழைய றப்பர்தான் இன்னும் உள்ளே. ஜெனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், உங்கடை நிறைக்கு இப்ப அதுதான் சரி அம்மா, நீங்களே ஏறுங்கோவன் என்று பகிடி பண்ணிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குளிர் தொடங்குகிறது என்றாய், நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே. ஓடும்போது தலைக்கவசம் போடு. ஞாயிறு ஆராதனைக்குப் போகமுடியாவிட்டாலும் படுக்குமுன் ஒரு சங்கீதமாவது வாசி. அப்பா தன் முத்தத்தையும் எழுதச் சொன்னார், நட்டு விஷயத்தை எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னைத் தனிமையில் விடாதிருப்பாராக.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா,
பொன்மலர் தேவராஜா

பி.கு. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பலகையைக் கார் நிற்பாட்டுகிற சீமெந்துக்குக் கொண்டுபோனேன். சாரியைச் செருகிக்கொண்டு ஏறினேன். அப்பா ஐயோ பொன்மலர் என்று கத்தினார். ஜெனி ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்தாள். விறைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ அம்மா, காலாலை தள்ளாதேங்கோ, போற பக்கம் முதல் பாருங்கோ, தோள் திரும்பினால் பலகை தானாத் திரும்பும் என்றாள். இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது என்று கேட்டேன். அண்ணை அனுப்பின பதிவுகள் எல்லாம் என்னட்டைக் கிடக்குது, முழங்காலை மடியுங்கோ என்றாள்.

மடித்தேன்.