கொக்கோவைத் துப்பிய சக்கரவர்த்தி

2023 ஜூலை 3, திங்கள்

இன்று காலை கண்டி மாநகரமே என் காலடியில் கிடந்தது. காரணம், கொக்கோ. தங்கச்சி அங்கம்மாவின் மகள் வேலாயி கரைத்துக் கொடுத்ததை வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் பஹிரவகந்த மலைக்கு ஏறினேன். மூச்சு வாங்கியது, எனக்கில்லை, மலைக்கு. குடிக்கத் தொடங்கி ஒன்பது நாள்தான். முழங்கால் வலி ஊரை விட்டே ஓடிவிட்டது.

ஜூலை 5, புதன்

வருங்காலச் சந்ததிக்காகச் செய்முறையை எழுதிவைக்கிறேன். கலகெதரையில் பாரூக் நானா புளிக்கவைத்துக் காயப்போட்டுத் தரும் கொட்டை. சட்டியில் வறுத்து, தோலை ஊதித் தள்ளி, அம்மியில் அரைக்க வேண்டும். முதலில் மாவு, பிறகு களிமண், பிறகு திடீரென்று எண்ணெய் கக்கி மினுங்கும். கட்டியாக்கிவைத்துத் தினமும் கொஞ்சம் சீவி, கொதிக்காத சுடுநீர், கறுவாப்பட்டைத் தூள், ஒரு கிள்ளு மிளகாய்த்தூள், இனிப்புக்குக் கித்துள் பனைப் பாணி, மத்தால் ஒரு கடை.

குடிக்கும் முறைதான் பெரிது. கோப்பையை நெஞ்சோடு வைத்து, கண்ணை மூடி, ஒன்றை வேண்டிக்கொண்டு மெதுவாக விழுங்க வேண்டும். நான் தலைமுடி வேண்டினேன்.

"மாமா, இது சடங்கு. சிரிச்சா பலிக்காது."

"பலிச்சா நீதான்டி சீப்பு வாங்கித் தரணும்."

ஜூலை 7, வெள்ளி

வேலாயி துணிக்கடை வேலையை இன்றோடு விட்டுவிட்டாள். இனிமேல் கொக்கோ விற்றே பிழைக்கப் போகிறாளாம். வாவிக்கு மேலே விடுதி நடத்தும் ருக்கியா அம்மா ஞாயிறன்று வந்து குடித்துப் பார்ப்பார். பிடித்தால் தினமும் காலையில் அவருடைய யோகா விருந்தாளிகளுக்கு இருபது கோப்பை. பிடிக்காவிட்டால்? எழுத மாட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

செத்தேன்.

ஜூலை 10, திங்கள்

ஹுன்னஸ்கிரிய தேயிலை ஆலையில் முப்பத்தொரு வருஷம் டீமேக்கர் நான். ருசி பார்க்க வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, புளிச்சென்று துப்ப வேண்டும். விழுங்குகிறவன் தொழில் தெரியாதவன்.

நேற்று ருக்கியா அம்மா கோப்பையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடியிருக்கிறார். ஈகூட மூச்சு விடவில்லை. என் கையிலும் ஒரு கோப்பை. பெரிய மனுஷி முன்னால் எனக்குப் பழைய மிடுக்கு ஏறிவிட்டது. சர்ர்ர்ர்! பேராதனைச் சந்தியில் ரயில் ஊதியது போல. அப்புறம் புளிச், அங்கம்மாவின் பூச்சாடிக்குள்.

அம்மா கண்ணைத் திறந்தார். "வீட்டு மனிசனே துப்பினா, நான் எப்படி விருந்தாளிகளுக்குக் குடுக்கிற?"

போய்விட்டார். ஏன்டா உனக்கு இந்த வாய்? புள்ள வேலையையும் விட்டுட்டு நிக்குதே...

இன்று மத்தியானம் வேலாயி வந்து நின்றாள். அழுவாள் என்று பயந்தேன்.

"மாமா, துப்புனது பழக்கத்துல. அது கெடக்கட்டும். நாக்கு என்ன சொல்லிச்சு?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "புகை. விறகடுப்புலயா வறுத்த?"

"காஸ் முடிஞ்சிருச்சு மாமா."

ஜூலை 13, வியாழன்

புது காஸ். ஆறு சட்டி வறுத்தோம். ஆறையும் உறிஞ்சித் துப்பினேன், இம்முறை அரச அனுமதியோடு. ஆறாவதில் நாக்கே எழுந்து நின்று சலாம் போட்டது. அதைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வேலாயி விடுதிக்குக் கிளம்பினாள்.

"நீங்க வராதீங்க."

"ரோட்டு வரைக்குமாவது?"

"சரி, ஆனா கேட் பக்கம் வரக் கூடாது."

ஜூலை 14, வெள்ளி

ருக்கியா அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கொக்கோவின் புகையையும் நான் அதைக் கண்டுபிடித்த கதையையும் கேட்டுவிட்டு, இரண்டு கோப்பை குடித்தாராம். கட்டளை ஒன்று: "உங்கட மாமா துப்பிப் பார்க்காத சட்டி எனக்கு வேணாம்." உலக வரலாற்றில் துப்புவதற்காகப் பதவி பெற்ற முதல் மனிதன் நான்!

ஜூலை 17, திங்கள்

காலை எட்டு மணி. விடுதிக்குக் கீழே வாடகை ஆட்டோவில் காத்திருந்தேன். கேட்டைத் தாண்ட இன்னும் அனுமதியில்லை. வேலாயி கூடையோடு இறங்கி வந்தாள்.

"இருபதும் காலி, மாமா."

அருகில் உட்கார்ந்தவள் என் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப் போனாள். ஆட்டோக்காரனிடம் வளைவுகளில் மெதுவாகப் போகச் சொன்னேன்.