அலங்காரப் படி

நம் ஊர் நகராட்சி மன்றத்தின் பின்புறத்து இரும்புச் சுருள்படியை, மலவாளி சுமப்பவர்கள் முன்வாசலில் கண்ணில் படக் கூடாது என்றுதான் கட்டினார்கள். இப்போது அதற்குப் பச்சைச் சாயம் அடித்து, 'அலங்காரப் படி, ஆங்கிலேயர் காலக் கலைநயம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தச் சாய வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது.

புதுப்பிக்கும் முன் கட்டடத்தை அளந்து வரைபடம் போட நம் இருவரையும் அனுப்பினார்கள். வளைவுகள் வைத்த முகப்பு, அகலமான தேக்குப் படி, மாடியில் கூட்ட மண்டபம், பணம் கொடுத்த மிராசுதார்களின் பெயர் வெட்டிய கல் என்று நான் வரைந்துகொண்டிருந்தேன். நீ அளவுநாடாவோடு பின்படியில் ஏறினாய்.

"ஏலே, முன்னால வழி இருக்குல்லா? அங்கன எதுக்கு ஏறுத?" என்றார் காவலாளி.

"எங்கம்மா ஏறுன படி அண்ணாச்சி. ஏன் சுத்திச் சுத்திக் கட்டியிருக்கான் தெரியுமா? நேரா எறக்குனா நாத்தம் சீக்கிரம் வந்துரும்லா."

அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

வாளி ஒழிந்த பிறகும் துப்புரவுக்காரர்கள் அதில்தான் ஏறினார்கள். யாரும் ஏறச் சொல்லவில்லை. முன்னால் வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. உன் அம்மா ஓய்வுபெற்ற அன்று நகராட்சித் தலைவர் தேக்குப் படியின் மேல் மாலையோடு காத்திருந்தார். ஆளைக் காணோம் என்று தேடினால், பட்டுச்சேலையில் பின்படி ஏறி வந்து மண்டபத்தின் பின்கதவில் நின்றுகொண்டிருந்தார்.

"இங்கனதான நிக்கேன், எங்க தேடுதிய?"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நீ எழுந்து வெளியே போய்விட்டாய்.

வரைபடத்தில் அதற்கு 'தோட்டிப் படி' என்று எழுதினாய். ஊரில் அதற்கு அதுதான் பெயர். பொறியாளர் முகம் சுளித்தார்.

"பாரம்பரியக் கட்டடம் தம்பி. எதுக்கு அசிங்கத்த எழுதுதிய?"

"எழுதுனாத்தான் அசிங்கமா? ஏத்தும்போது இல்லையா சார்?"

அதன் பிறகு நாற்கரச் சாலையில் லாரி மோதி நீ செத்துப்போனாய். பெயரை மாற்றினார்கள்.

நாளை திறப்பு விழா. பழைய ஊழியர்களையும் அழைத்திருக்கிறார்கள். உன் அம்மா வருவார். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அவருக்குத் தெரியும்.

நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தச் சண்டை மட்டும்தான். படிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பொறியாளரிடம் போனேன்.

"பலகைய மாத்துங்க சார்."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"நாளைக்கு அவன் அம்மா வருதாங்க. யாரு ஏறுன படின்னு எழுதுங்க சார்."