துவைக்காமல் சுற்றிய துணி

இன்று காலை ஒரு துணிப்பொதியை அவிழ்த்தேன். உறவினர் ஒருவர், தம் வீட்டுக் குழந்தைக்குச் சிறுத்துப்போன சட்டைகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். முடிச்சு நெகிழ்ந்ததுமே பாச்சை உருண்டையின் வாடை எழுந்து முகத்தில் அறைந்தது. பொதியைத் தூக்கி மதிலுக்கு அப்பால் வைத்துவிட்டுக் கைகளை இருமுறை கழுவினேன். என் தம்பி மகள் இரண்டாம் பேற்றுக்கு வந்திருக்கிறாள், நாள் நெருங்கிவிட்டது. நான் துவைத்து உலர்த்தி வைத்திருந்த சட்டைகளையும் அவள் ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனாள்.

“இதையெல்லாம் மோந்து பாத்தியளா அத்தை? அந்த நர்சு கொண்டு வந்த துணி மாதிரி ஆயிரப்பிடாது.”

அந்த நர்சு நீதான். நீ மண்ணுக்குள் போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் இந்த வீட்டில் உனக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைப் பெற்றுத் தந்தவள் நான். வாயைத் திறந்து அதை ஏற்றுக்கொண்டவள் நீ. உன்மீது எனக்குள்ள சினம் ஆறவில்லை. ஆற்றவும் நான் முயலவில்லை.

பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள் நாம். நான் தமிழாசிரியையானேன், நீ அரசு மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவில் நாற்பது ஆண்டு நின்றாய். நான் மணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டில் தங்கிவிட்டேன். நீ கடியப்பட்டணத்தில் பிள்ளை பெற்று வளர்த்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மாதா கோயில் பூசை முடிந்து, பேருந்து ஏறி இங்கே வருவாய். நான் பதிகம் ஓதிக்கொண்டிருந்தால் வாசலிலேயே நின்று, “முடிஞ்சா சொல்லு ஏட்டி, உன் சாமி ஒறங்கிட்டாருண்ணா நான் உள்ள வாறேன்” என்பாய். நான் சிரித்ததில்லை. ஆயினும் உனக்கு முன்னால் மட்டும் நான் விரைந்து ஓதி முடித்திருக்கிறேன்.

ஆறாண்டுகளுக்கு முன் இதே பெண்ணின் தலைப்பேற்றுக்கு, குழந்தைத் துணி பற்றிய அனைத்தையும் நீதான் சொன்னாய். கடையில் பெட்டியோடு விற்கும் மினுமினுப்பான சட்டைகளைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நைலான், வேர்வையைக் குடிக்காது என்று தள்ளிவைத்தாய். மெல்லிய வெள்ளைப் பருத்தி போதும். பொத்தான் வேண்டாம், நாடா வைத்துத் தைக்கச் சொல். தையல் மடிப்பு உடலில் படாமல் வெளிப்புறம் இருக்கட்டும். புதுத்துணியின் கஞ்சி போக மூன்று தண்ணீர் மாற்றி அலசு. மணமூட்டும் திரவம் எதுவும் சேராதே. நல்ல வெயிலில் போடு என்றாய். பழைய வேட்டி கிடைத்தால் புதியதைவிட மேல் என்று, உன் வீட்டிலிருந்து வெளுத்து மென்மையான துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தாய். கடைசியாகச் சொன்னதும் எனக்குச் சொல் மாறாமல் நினைவிருக்கிறது: “பெட்டியில பாச்சை உருண்டை போட்டு வச்ச துணி எதுவும் பிள்ளைக்கிட்ட போவப்பிடாது.”

எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாத் துணிகளையும் துவைத்தேன், ஒன்றைத் தவிர.

அது எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் சுவாமிக்குச் சாத்திய வேட்டி. மார்கழி முழுவதும் நான் ஓதியதற்குப் பிரசாதமாகத் தந்தது. கரையில்லாத தூய வெள்ளைக் கைத்தறி. எட்டு ஆண்டுகள் என் பெட்டியில், ஆண்டுதோறும் புதிய உருண்டைகள் இட்டுக் காத்தேன். நீ சொன்ன விதி மனிதர் துணிக்கு என்று எண்ணினேன். இறைவன் மேனியில் கிடந்ததைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால் அருள் எங்கே நிற்கும்? இத்தனை நூல்களைக் கற்றவளுக்கு இவ்வளவுதான் அறிவு. அவ்வேட்டியை இரண்டாகக் கிழித்து, குழந்தை வீட்டுக்கு வந்த நாள் தொடங்கி, குளிப்பாட்டியபின் எவரும் அறியாமல் அதில் சுற்றினேன். மேலே உன் துண்டு ஒன்றைப் போர்த்தினேன்.

மூன்றாம் நாள் குழந்தையின் கண்ணும் உள்ளங்காலும் மஞ்சளாயின. பாலுக்கு வாய் திறக்கவில்லை. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவதுதானே, காலை வெயிலில் காட்டினால் போகும் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அன்று ஞாயிறு. நீ வந்தாய். குழந்தையைக் கையில் வாங்கிய கணமே உன் முகம் மாறியது. மேல்துண்டை விலக்கி, உள்ளே இருந்ததை முகர்ந்து, உருவி எறிந்தாய். அறையில் நாம் இருவர் மட்டுமே. எறியாதே, அது சுவாமிக்குச் சாத்தியது என்று உன் கையைப் பிடித்தேன்.

“சாமிக்கித் தோலு கெடயாது ஏட்டி. பிள்ளைக்கி உண்டு. வண்டியக் கூப்பிடு.”

அந்தச் சொல்லுக்காகவும் உன்மீது சினந்தேன். குழந்தை கண் திறவாமல் கிடக்கையில், வேறு சமயத்தாள் என் கடவுளைப் பழித்தாள் என்று நெஞ்சுக்குள் பொருமிக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். அது போதாமல் இரத்தம் மாற்றினார்கள். சில குழந்தைகளின் இரத்தம் பிறவியிலேயே அந்த உருண்டையின் வாடையைத் தாங்காது, உடைந்துபோகும். இன்னும் ஒரு நாள் தாழ்த்தியிருந்தால் மூளையைத் தொட்டிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். எந்தத் துணியில் சுற்றினீர்கள் என்றும் கேட்டார். என் தம்பி, அவன் மனைவி, மகள் மூவரும் அங்கே நின்றார்கள். தம்பி மனைவி நேரே என்னைத்தான் பார்த்தாள்.

“எனக்க வீட்டுல இருந்து நான் கொண்டு வந்த துணியாக்கும்,” என்றாய் நீ. “கவனிக்கல்ல.”

நான் வாய் திறக்கவில்லை. வாய்மையைப் பற்றிய பாடல்களை மேடையேறி விரித்துரைத்தவள், அங்கே ஒரு சொல் சொல்ல மாட்டாமல் நின்றேன். நாற்பது வருசம் நர்சாய் இருந்தவளுக்கு இது தெரியாதா என்று தம்பி மனைவி உன்னைக் கேட்டாள். நீ தலை குனிந்தாய். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுக்கு அழைப்போர் பட்டியலை என்னை எழுதச் சொன்னார்கள். உன் பெயரை விட்டுத்தான் எழுதினேன், இந்தக் கையால்.

பின்பு ஒருநாள் உன் வீட்டுக்கு வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று சண்டையிட்டேன். நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய், நிமிரவில்லை.

“நான் எறங்கி எனக்க வீட்டுக்குப் போவேன். நீ அந்த வீட்டுலதானே கெடக்கணும்?”

நீ சொன்னது உண்மை. அதனால்தான் இன்றும் எரிகிறது. எனக்குப் போக்கிடம் இல்லை என்பதை எடைபோட்டு, என் சார்பில் நீயே முடிவு செய்தாய். என்னைக் கேட்டாயா? மறுநாளாவது நானே சொல்லியிருப்பேன் என்று நம்பினாயா? நம்பவில்லை. நீ நம்பாததும் சரியாயிற்று. அந்தச் செய்தி ஊர் ஊராய்ப் போனது. பிள்ளை பெற்ற வீடுகளில் உன்னை அழைப்பது நின்றது. நீ அதற்கும் சிரித்தாய்: “நல்லதாப் போச்சு, முட்டு வலிக்கி ஓய்வாச்சு.” நன்மைக்காகச் சொன்ன பொய்யைப் பொறுக்க நம் பழைய நூல்களில் இடம் உண்டு. தேடிப் பார்த்துவிட்டேன், அந்த இடம் சொன்னவளுக்கு. கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு ஒரு வரிகூட இல்லை.

உன் அடக்கத்துக்கு இந்த வீட்டிலிருந்து நான் ஒருத்திதான் வந்தேன். உங்கள் மாதா கோயிலின் கடைசி வரிசையில் அமர்ந்து, எனக்குத் தெரியாத செபங்களுக்கு எழுந்து நின்றேன்.

இன்று காலை அவள் “அந்த நர்சு” என்றதும், இனி முடியாது என்று ஆயிற்று. அது என் துணி என்றேன். சுவாமிக்குச் சாத்தியது, பெட்டியில் வைத்தது, துவைக்காமல் சுற்றியது, மருத்துவமனையில் வாய் மூடி நின்றது, எல்லாம் சொன்னேன். உன்னைப்போல் ஓரிரு சொல்லில் சொல்ல எனக்கு வரவில்லை, நீளமாகத்தான் சொன்னேன். அவள் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டாள். முகம் வெளுத்தது.

“எனக்க பிள்ளையக் காப்பாத்தினவுங்க சாவுக்குக் கூட நான் போவல்லியே அத்தை.”

அவள் அழவில்லை. சட்டைகள் அனைத்தையும் வாரி எடுத்து, பின்கட்டுக்குப் போய், வாளியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். உதவப் போன என்னைப் பார்த்து, “நீங்க தொடாண்டாம்” என்றாள்.

இனி இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேனோ தெரியாது. நீ அஞ்சியது இதற்குத்தான். தம்பி மாலையில் வருவான்; அவனுக்கும் சொல்வேன், அவன் மனைவிக்கும் சொல்வேன். ஆறாண்டுக்கு முன் எனக்குரியதாய் இருந்த வசையை எனக்குத் தராமல் நீ எடுத்துக்கொண்டு போனாய். அதற்கு உன்னை நான் மன்னிக்கவில்லை. இந்தச் சினம் என்னோடு இருக்கட்டும். பின்கட்டில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் மூன்றாம் முறை அலசுகிறாள்.