பின்னால் நடந்து வந்தவருக்கு

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், முதலில் அந்தக் கறுப்பு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினேன். படத்தின் ஒலியை வீட்டில் ஒரு முறை நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடியே இரவு படுத்திருந்தேன். மடிக்கணினி விழித்துக்கொள்வதற்குள் காதை மூடும் பஞ்சிலிருந்து வாசனை எழுந்தது. தேங்காய் எண்ணெயும், தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் நெற்றிப்பொட்டில் தடவிக்கொள்ளும் தைலமும் கலந்த வாசனை. கல்லூரியில் இருக்கும் ஹெட்போன்களை வைத்தே இத்தனை நாளும் வேலை பார்த்ததால் இது பெட்டிக்குள் மூடியே கிடந்திருக்கிறது. நீங்கள் இதை மாட்டிக்கொண்டது ஒரே ஒரு பிற்பகல்தான். அத்தனை எண்ணெய் வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இன்று அப்படியே கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை கல்லூரியில் திரையிடல். அதற்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: என் படத்தில் நீங்கள் இருப்பதா, வேண்டாமா. அதைப் பேச உங்களைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடம் கோப்புகளோடு இருந்தவள், வார இறுதியில் திரைப்பட வகுப்பில் சேரப் போகிறேன் என்றதும் நீங்கள் சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தீர்கள். "நாப்பத்து மூணு வயசுல கேமராவா? சரி, செய். ஆனா என்னக் குடை பிடிக்கச் சொல்லாத" என்றீர்கள். மறுவாரம் தொழிற்சாலையில் உங்கள் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேருக்கும் செய்தி போயிருந்தது. அன்றிலிருந்து வீட்டில் எனக்கு 'டைரக்டரம்மா' என்று பெயர். உப்புக் குறைந்தால்கூட, "டைரக்டரம்மா, இன்னொரு டேக் போகலாமா?"

இரண்டாம் பருவத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்கச் சொன்னார்கள். திகில் படம், பத்து நிமிடத்துக்குள். என் கதை சின்னது. ஞாயிற்றுக்கிழமை காலை, நம் ஊர் லிட்டில் இந்தியாவில் கடைகள் திறக்காத நேரம். ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். பின்னால் ஒருவன் வருகிறான். அவள் நின்றால் நிற்கிறான், நடந்தால் நடக்கிறான். வீட்டு வாசல் வரைக்கும் வருகிறான். அவ்வளவுதான். இரவில் எடுக்க என்னிடம் விளக்குகள் இல்லை. பகல் வெளிச்சத்திலேயே பயம் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பெண்ணாக நம் மகள் தர்ஷினி, விடுமுறைக்கு வந்திருந்தாள். பின்னால் வருகிறவனாக நீங்கள்.

நீங்கள் எவ்வளவு தயாரானீர்கள்! கறுப்புச் சட்டை தேடி எடுத்தீர்கள். கண்ணாடி முன் நின்று புருவத்தைச் சுருக்கிப் பழகினீர்கள். "வயித்து வலிக்காரரு மாதிரி இருக்கீங்கப்பா" என்று தர்ஷினி சொன்னதும் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

குவீன் ஸ்ட்ரீட்டில் முதல் டேக். மூடிய கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் அவள் நடக்கிறாள், நீங்கள் பின்னால். பாதையை மறித்து மோட்டார் சைக்கிள்கள் நின்றதால் அவள் சாலையில் இறங்கினாள். அப்போது பார்த்து ஒரு வண்டி வந்தது. உங்கள் கை தானாக நீண்டு அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"ஏய், பாத்து வா பாப்பா!"

"கட்! என்னங்க இது?"

"என்ன கட்? மோட்டார் வந்துச்சே, பாக்கலயா நீ?"

"அப்பா, நீங்க என்னைக் கொல்ல வர்றவரு" என்றாள் தர்ஷினி.

"கொல்ல வர்றவன்னா? வண்டியில அடிபட உட்ருவானா?"

இரண்டாவது டேக்கில் மாலை கட்ட உட்கார்ந்த பூக்காரக்கா, "என்னண்ணே, மகளோட கோயிலுக்கா?" என்று கேட்க, கொலைகாரன் நின்று, "இல்லக்கா, ஷூட்டிங்லா" என்று பதில் சொன்னான். அடுத்தடுத்த டேக்குகளில் யாரும் குறுக்கே வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சந்தி வந்தபோதும் உங்கள் வலது கை இடுப்புவரை உயர்ந்து, வராத காரை நிறுத்தியது. எனக்கும் இருபது வருடமாக நிறுத்திய கைதான் அது. எத்தனை முறை சொல்லியும் அந்தக் கையை என்னால் இறக்க முடியவில்லை.

வகுப்பில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், கேலியாக இல்லை. எங்கள் விரிவுரையாளர் மாலதி என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இவரு பின்னால வந்தா நான் மெதுவாத்தான் நடப்பேன். துணைக்கு ஆள் இருக்காருன்னு நிம்மதியா இருக்கு. ஆளை மாத்துங்க."

அன்று என்னை அழைத்துப்போக வந்தீர்கள். நான் காரில் ஏறி வார்பட்டையைத் தேவையில்லாமல் இரண்டு முறை சரிசெய்தேன்.

"நான் பெயிலா?"

"உங்களுக்கு ரொம்ப நல்ல முகம்லா, அதான்."

காரின் கண்ணாடியில் உங்கள் முகத்தை ஒரு முறை பார்த்தீர்கள். "அம்பது வருஷமா தூக்கிட்டுத் திரியறேன். இன்னைக்குத்தான் அது குத்தம்னு தெரியுது."

அப்புறம் நீங்களேதான் ஆளையும் பிடித்தீர்கள். என்னோடு படிக்கும் இர்பான், டவுனில் அப்பாவின் நாசி கண்டார் சோற்றுக்கடையைப் பார்த்துக்கொள்கிறவர். உங்களுக்கு முன்பே பழக்கம். சோற்றின் மேல் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்று, "தம்பி, என் மகளைத் துரத்தணும்" என்றீர்கள். கடையே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, சத்தமாச் சொல்லாதீங்கண்ணே. வாப்பா கரண்டியோட வந்துருவாரு."

"நீயும் எப்பப் பாத்தாலும் சிரிக்கிற ஆளு. உன்னால முடியுமா?"

"பசியோட நடந்தா எல்லாரும் வில்லன்தாண்ணே."

இர்பான் நடந்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது. முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, வெறி இல்லை. வெறுமனே வருகிறார். முடிந்ததும், என்ன நினைத்துக்கொண்டு நடந்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா. அடுப்புக் கேஸ் முடியப் போகுதுன்னு கடையில சொன்னேனா இல்லையான்னு யோசிச்சேன்." நீங்கள் உங்கள் முகத்தில் பயங்கரத்தைக் கொண்டுவரப் படாத பாடு பட்டீர்கள். அவர் தன் முகத்தைக் காலியாக விட்டார். அதில் பார்க்கிறவர்கள் தங்கள் பயத்தை எழுதிக்கொண்டார்கள். ஒரு பருவம் முழுக்கப் பாடமாகக் கேட்டதை அன்று அந்தத் தெருவில்தான் புரிந்துகொண்டேன். நீங்களோ சந்தியில் நின்று, நிஜமாகவே கார்களை நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். அன்று வெயில் ஏறியதும் கேமராவுக்குக் குடை பிடித்ததும் நீங்கள்தான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. இர்பானின் ரப்பர் காலணியில் சத்தமே இல்லை. பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரிய வேண்டும். தர்ஷினி அதற்குள் கோலாலம்பூருக்குப் படிக்கத் திரும்பிவிட்டாள். கெலுகோரில் நம் அடுக்ககத்துக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஆளில்லாத ஒரு பிற்பகலில் நானே நடந்து பதிவு செய்து பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. அன்று சீக்கிரமே ஷிப்ட் முடிந்து வந்த நீங்கள் வேலைக்குப் போகும் காலணியைக் கழற்றாமலே, "நவுரு, நான் நடக்கறேன்" என்றீர்கள்.

உங்கள் நடை எனக்குத் தெரியாதா? இளவயதில் பாலிக் புலாவ் மேட்டில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த இடது கால். வலது கால் திடமாக விழும். இடது கால் ஒரு நொடி தயங்கி, தரையை லேசாக உரசிக்கொண்டு வந்து சேரும். நீங்கள் நடந்தீர்கள். நான் மைக்கைப் பிடித்தேன். பிறகு நீங்களும் கேட்க வேண்டுமென்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டீர்கள். முகம் மாறியது.

"யாரு இது?"

"நீங்கதான்."

"இப்படியா நடக்கறேன்? பேய் வர்ற மாதிரி இருக்கு."

திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். வெளியே இருட்டிக்கொண்டு மழை வந்தது, அப்போதும் கழற்றவில்லை. கடைசியில் ஒரு காதைத் தூக்கிவிட்டுக் கேட்டீர்கள்: "தெனமும் இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு எப்படிப் பயப்படாம கதவத் திறந்த?"

"லிப்ட்லேர்ந்து சத்தம் கேட்டா டீக்குத் தண்ணி வைப்பேன்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அதே சத்தம்தான். தெரியாத பெண்ணுக்கு அது கொலைகாரன். எனக்கு அது ஆறு மணி. ஒருவர் நம் பின்னால் வருகிறார், நம் வேகத்துக்கு நடக்கிறார், நம் வீட்டு வாசல் அவருக்குத் தெரியும். இது பயமா, பத்திரமா என்பதைக் கேமரா சொல்லாது. வருவது யார் என்ற ஒரு விவரம்தான் சொல்லும்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு காலையில், ஷிப்ட் தொடங்கும் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்களாம். தண்ணீர் எடுத்து வந்தவர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் ஒரு பருவம் வகுப்புக்குப் போகவில்லை. மாலையில் லிப்ட் திறக்கும். தாழ்வாரத்தில் யாராவது நடப்பார்கள். எல்லோரும் சமமாக நடந்தார்கள்.

திரும்பப் போனதும் படத்தைக் கோர்த்து முடித்தேன். இர்பானின் முகம், உங்கள் நடை. போன மாதம் வகுப்பில் போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசைப் பெண் ஒருத்தி மெல்லக் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். மாலதி, "இப்பத்தான் படம்" என்றார். அந்த இருட்டில் எனக்கு மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும் போலிருந்தது.

சிக்கல் நம் மகளிடமிருந்து வந்தது. திரையிடலுக்கு வருகிறேன் என்று போனில் சொன்னவள் சட்டென்று கேட்டாள்.

"அம்மா, அப்பா நடிச்சதெல்லாம் அழிச்சிட்டீங்களா?"

"இருக்கு."

"அதப் போடுங்க."

"அது சரியா வரல தர்ஷி. யாருக்கும் பயம் வராது."

"வர வேணாம்லா. எல்லாரும் அப்பாவப் பாக்கட்டும். ஒரு தடவ, பெரிய ஸ்க்ரீன்ல." பிறகு, "மார்க் பெருசா, அப்பா பெருசா?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. சரி பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். இர்பானும் அதையேதான் சொன்னார். "என் மூஞ்ச வெட்டிப் போடுங்கக்கா. அண்ணன் இருக்கட்டும்."

போன ஞாயிறு அப்படி ஒன்றைக் கோர்த்துப் பார்த்தேன். அதில் நீங்கள் நிறைய இருக்கிறீர்கள். கறுப்புச் சட்டையில், சுருக்கிய புருவத்தோடு, வராத காரை நிறுத்தும் கையோடு. மூன்று தரம் பார்த்தேன். சிரித்தேன், பிறகு முடியவில்லை. ஆனால் அது படம் இல்லை. நம் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டியது. அரங்கில் இருக்கிறவர்கள் மரியாதைக்குப் புன்னகைப்பார்கள். பாவம், கணவர் இறந்துவிட்டாராம் என்று ஒருவரிடம் ஒருவர் சொல்வார்கள். உங்களை அந்தப் 'பாவத்து'க்குள் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இர்பான் நடித்த அன்று வீடு திரும்பும்போது நான் உங்களிடம் வருத்தமா என்று கேட்டேன். "படம் நல்லா வரணும். அதுல நான் தெரியணும்னு எங்க இருக்கு?" என்றீர்கள். அப்போது பெருந்தன்மைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நீங்கள் என் பின்னால் நடந்த எல்லா நாளும் அப்படித்தான் நடந்திருக்கிறீர்கள். நான் முன்னால் போவேன், கடைகளைப் பார்ப்பேன், யாரோடாவது பேசுவேன். சாலைப் பக்கம் ஓர் ஆள் வந்துகொண்டிருப்பது என் கண்ணில் பட்டதே இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

என் முடிவை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மாலதியிடமோ இர்பானிடமோ சொல்லவில்லை. தர்ஷினியிடம் நிச்சயமாகச் சொல்லப் போவதில்லை. சனிக்கிழமை உங்கள் முகம் இல்லாத படத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். அந்தக் காலடி யாருடையது என்று எந்த இடத்திலும் எழுதப் போவதில்லை. அரங்கில் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். முதல் சில நிமிடங்கள் கோபமாக இருப்பாள், அப்பா எங்கே என்று. பிறகு மூடிய கடைகளின் முன்னால் அவள் நடப்பாள். பின்னால் வலது கால் திடமாக விழும், இடது கால் தயங்கி உரசும். அந்த நேரம் நான் திரையைப் பார்க்க மாட்டேன். அவளைப் பார்ப்பேன். மற்றவர்களைப் போலக் காலைத் தூக்கிக்கொள்கிறாளா, இல்லை, கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளா என்று.