அரை மணி நேரம் திரும்பிய கப்பல்

ஜூலை 9, திங்கள்
காலையிலிருந்தே மூட்டம். துணி காயவில்லை. பள்ளிக்கு அரை நாள் விடுப்பு.
ஸ்கேன் ஆயிற்று. இதயத் துடிப்பு கேட்டது. அத்தை என் கையை விடவே இல்லை.
இவருக்குச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் முன்பு சிங்கப்பூரிலிருந்து போனில் பேசியபோதே வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். முன்பு ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்றும் சொல்ல வேண்டியிருந்ததே. இப்போது இவர் வேலை பார்க்கும் கப்பல் நடுக்கடலில். மெயில் எல்லாம் கேப்டன் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். அவர் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். அவர் படித்த பிறகு இவர் படிப்பதா? இந்தச் சேதி அப்படிப் போக வேண்டாம்.

ஜூலை 11, புதன்
வாங்க: இரும்பு மாத்திரை, மாதுளை, சிவப்புப் பேனா.
பிள்ளையார்பாளையம் பிரவுசிங் சென்டர். இவர் மெயில். கப்பலில் புதிதாக மாட்டிய இன்டர்நெட் டிஷ்ஷைப் புகைபோக்கி மறைக்கிறதாம். அது ஓடினால் நேராகச் சாட்டில் பேசலாம்; ஆனால் லைன் வந்து வந்து போகிறது. கப்பலுக்கு எலக்ட்ரீஷியனே இவர்தான். திட்டு முழுக்க இவருக்கு.
சென்டர் நடத்தும் நாகமணி அக்கா: "இன்னா டீச்சர், தினம் வந்துக்கினு இருக்க. கப்பல் எங்க இருக்குது?"
"ஆப்பிரிக்கா பக்கமா போயிக்கினு இருக்குதுக்கா."
பதில் எழுதினேன்: "ஒரு சேதி. உங்களிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். டிஷ்ஷைச் சரிசெய்யுங்கள்."
வீட்டில் அத்தை: "இன்னாமா இப்படி எழுதிட்ட. இன்னாவோ ஏதோன்னு அவனுக்குச் சோறு இறங்காது."
திரும்பப் போய் இன்னொன்று: "நல்ல சேதிதான்."

ஜூலை 13, வெள்ளி
வெயில். பத்தாம் வகுப்புத் தாள் திருத்தியது பாதிதான்.
மெயில். கேப்டன் இரண்டையும் படித்தாராம். என்ன சேதி என்று கேட்கவில்லை, சிரித்தாராம். ஞாயிறு நம் நேரம் மாலை ஐந்து மணிக்குமேல் அரை மணி நேரம் கப்பலைச் சற்றுத் திருப்பி ஓட்டுவாராம். டிஷ்ஷுக்கு மறைப்பு விலகும், சாட்டில் பேசிக்கொள் என்றிருக்கிறார்.
எங்களுக்காகக் கப்பலையே. மூன்று முறை படித்தேன்.

ஜூலை 15, ஞாயிறு
4.40 கரண்ட் போனது. அக்கா பக்கத்துக் கடை ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்தார். "நீ உக்காரும்மா. நான் பாத்துக்கறேன்."
5.10 இவர் பெயர் திரையில்.
"இன்னா சேதி?"
மூன்று முறை தப்பாக அடித்தேன். "ரெண்டரை மாசம். துடிப்பு கேட்டுது."
லைன் போய்விட்டதோ என்று, "இருக்கீங்களா?" என அடித்தேன்.
"இருக்கேன். அழுதுக்கினு இருக்கேன்."
பிறகு: "கேப்டன் கதவாண்ட நிக்கிறாரு. சொல்லட்டுமா?"
"சொல்லுங்க."
5.40 பெயர் அணைந்தது. வீட்டுக்கு மெதுவாக நடந்தே வந்தேன். நல்ல பசி. நாலு தோசை.