நீ கேட்காத கேள்விகள்

பொடிசின் அம்மாவுக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன தபால் என்று நெற்றியைச் சுருக்குவாய். போனில் நான் எதைச் சொன்னாலும் அது நம் மகள் வழியாகத்தானே உன்னிடம் வந்து சேர்கிறது? இந்தச் சேதியை அவள் சுமந்து வரக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. பொடிசு இப்போது நன்றாக இருக்கிறாள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, உள்ளே சீழ் வைத்துவிட்டது. பிடுங்கியாயிற்று. கன்னம் வீங்கிய பிறகுதான் எனக்கே தெரியும். அதுவரை மூச்சு விடவில்லை. ஒரு பக்கமாகவே மென்று தின்று சமாளித்திருக்கிறாள். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறேன். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளையின் வாய் என் கண்ணில் படவில்லை. நீ இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பாய் என்று எழுத வந்தது. அடித்துவிட்டேன். நீயும் வாரா வாரம் அவளிடம் பேசிக்கொண்டுதானே இருந்தாய்?

வலிக்கிறதா என்று பல் டாக்டர் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அங்கே என்ன தெரிந்ததோ, கொஞ்சம்கூட வலிக்கல டாக்டர் என்று சிரித்தாள். அந்த வீங்கின கன்னத்தோடு! டாக்டர் என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தியதுதான் தாமதம், உள்ளே ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் இல்லாத இடத்தில்தான் என் பெண்ணுக்கு வலிக்கிறது. கையிலிருந்த டோக்கனைக் கசக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்திலும் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பில் இரண்டு பெண்கள் ஒரு ரப்பருக்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்களாம். நம்மவள் இந்தப் பக்கம் போய், அவ உங்கிட்ட ஸாரி சொல்லச் சொன்னா என்றாளாம். அந்தப் பக்கம் போயும் அதையே சொன்னாளாம். இரண்டு பேருமே அப்படிச் சொல்லவில்லை. பெரிய ஜட்ஜ் ஆவாள் என்று டீச்சர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இவளுக்கென்று எதுவுமே கேட்பதில்லை, வண்ணக் காகிதம் கொடுத்தால் எல்லாரும் எடுத்து மிஞ்சியதைத்தான் எடுக்கிறாள், வீட்டில் எப்படி என்று கேட்டார். எல்லாம் நல்லபடி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் விஷயமே. பல் பிடுங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். அவள் போனைக் காதில் வைத்தபடி கட்டிலில் சுருண்டிருந்தாள். நான் வழக்கம்போல அதே அறையில் துணி மடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா, இருமல் எப்படி இருக்குன்னு அம்மா கேக்கறாங்க என்றாள். குறைஞ்சிடுச்சுன்னு சொல்லு என்றேன். வெந்நீர் குடிக்கச் சொல்றாங்க என்றாள். சரின்னு சொல்லு என்றேன். வண்டியில போகும்போது காதைக் கட்டிக்கச் சொல்றாங்க என்றாள். பேச்சு நீள்கிறதே, சார்ஜ் தீர்ந்துவிடப் போகிறது என்று போனை வாங்கினேன். அது எப்போதோ அணைந்து போயிருந்தது.

அவள் பயப்படவில்லை. அம்மா கேக்க மறந்துட்டாங்கப்பா, அதான் நானே கேட்டேன் என்றாள்.

கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நீ ஒரு தடவையாவது என் இருமலைப் பற்றிக் கேட்டிருக்கிறாயா? நீ கேட்டதாக நினைத்துக்கொண்டு எத்தனை நாள் கடையில் தனியாகச் சிரித்திருக்கிறேன் தெரியுமா! பிரேம் மாட்ட வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உன் கோபம் தணிந்து வருகிறது, கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தைகளை நம்பித்தான் இந்த வீட்டில் ராத்திரி விளக்கை அணைத்தேன்.

அம்மாகிட்ட என்னென்ன சொன்னே என்று அவளைக் கேட்டேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருப்பதாக நான் சொன்னேனாம். உன் குரலைக் கேட்பதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னேனாம். நான் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்தேன்.

இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீ போவதற்கு முந்தைய மாதங்களை நினைத்துப் பார். கைநீட்டினால் தொடுகிற சமையலறையில் நீ அடுப்புப் பக்கம், நான் குழாய்ப் பக்கம். அப்பாகிட்ட சாவி எங்கேன்னு கேளு என்பாய். கண்ணு இருந்தா ஆணியில பாக்கச் சொல்லு என்பேன். அவள் உன்னிடம் வந்து, அப்பா எடுத்துத் தரேன்னு சொன்னாங்க என்பாள். பொடிசுக்கு என்ன சாமர்த்தியம் என்று நீ அந்த அறையிலும் நான் இந்த அறையிலும் தனித்தனியாக ரசித்தோம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவள் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, நமக்குத் தாலாட்டு வாசித்திருக்கிறாள்.

நீ வெளியூருக்கு வேலைக்குப் போனது சரியா தப்பா என்று திரும்பவும் கிளறப் போவதில்லை. உன் நியாயம் உனக்கு, என் வீம்பு எனக்கு. ஆனால் ஒன்று என்னைத் தின்கிறது. வேலை செய்யும் வீட்டில் நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவைத் தூக்கித் தூக்கி உனக்கு முதுகு வலி என்று பொடிசு சொன்னாள். அது உன் வலியா, இல்லை என்னை இளக வைக்க அவள் சேர்த்ததா? உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் எது நீ என்றே தெரியவில்லை.

நேற்று ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப் போனேன். உனக்கு எது வேண்டும் என்றேன். உங்களுக்கு எதுப்பா பிடிக்கும் என்றாள். சொல்ல மாட்டேன், நீயே சொல் என்றேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குத் தெரியலப்பா என்று அழுதுவிட்டாள். ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்கிறேன். பொடிசு எங்கே என்று கேட்காதே. அவள் பக்கத்தில் படம் வரைந்துகொண்டு இருக்கட்டும். என்னிடம் பேசு. பேச ஒன்றும் இல்லையென்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எதுவானாலும் நேராக என்னிடம் வரட்டும். அப்பாவும் அம்மாவும் அவள் இல்லாமலேயே பேசிக்கொள்வார்கள் என்பது அவள் காதில் விழட்டும். அப்புறமாவது தனக்கு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வாள்.

முதுகில் சூடாக ஒத்தடம் கொடு. கனம் தூக்கும்போது பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக்கொள். நன்றாக இரு. இது அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நீ வைத்த பெயர்தான்,
கல்லுளிமங்கன்